புரட்சிக்கு முந்தைய மெக்சிகோ: மகோன் சகோதரர்களின் தடத்தில்

செவ்வாய், மெக்சிகோ நகரம்

பெருஞ்சதுக்கத்திலிருந்து வடக்கே சில தெருக்கள் நடந்தால் கொலம்பியா தெரு வருகிறது. நடைபாதை முழுக்கக் கடை விரித்திருக்கிறார்கள். கூவல், வறுத்த சோளத்தின் மணம், தலைக்கு மேல் கட்டிய தார்ப்பாய்கள். 42ஆம் எண் வீட்டைக் கண்டுபிடிக்கத் தார்ப்பாய்களை விலக்கித்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. 'எல் இஹோ தெல் அவிசோட்டே' என்ற கேலிச்சித்திர இதழின் அலுவலகம் இங்கேதான் இருந்தது. 1885இல் தொடங்கிய அந்த இதழை 1902இல், அரசை எதிர்த்து எழுதிவந்த ரிக்கார்டோ ஃபுளோரஸ் மகோனும் அவருடைய தம்பி என்ரிக்கேயும் நண்பர்களும் ஏற்று நடத்தினார்கள்.

1903 பிப்ரவரி 5, மெக்சிகோவின் 1857ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் ஆண்டுவிழா. நகரம் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது இந்த மேல்மாடத்திலிருந்து ஒரு துணி தொங்கியது: 'அரசியல் சட்டம் இறந்துவிட்டது'. கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் இதழின் ஆட்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம் புகழ்பெற்றது. யாரும் முகத்தை மறைக்கவில்லை. போர்ஃபிரியோ தியாஸ் நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த காலம் அது. 1876இல் ஆட்சியைப் பிடித்தவர், நடுவே நான்கே ஆண்டுகள் நண்பரிடம் நாற்காலியை விட்டுவைத்துவிட்டு, 1911 வரை இருந்தார். அவருடைய போலீஸ் கண்ணெதிரே இருக்க, பட்டப்பகலில் மேல்மாடத்தில் நின்றவர்கள் இவர்கள். அந்தப் படத்துக்காகவே இந்தப் பயணத்தைத் தொடங்கினேன் என்றால் மிகையில்லை.

அந்த ஆண்டு ஜூனில், மகோன் சகோதரர்கள் எழுதிய எதையும் மெக்சிகோவில் யாரும் அச்சிடக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. 1904 தொடக்கத்தில் அவர்கள் எல்லை தாண்டி டெக்சாஸுக்குப் போனார்கள். ரிக்கார்டோ பிறகு உயிரோடு தாய்நாடு திரும்பவில்லை.

வீடு இப்போது அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் இருக்கிறது. என்ரிக்கே விட்டுச்சென்ற காகிதங்கள் இங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன. உள்ளே இருந்த இளம்பெண், நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் 'ரெஹெனெராசியோன்' இதழின் ஒரு பிரதியைக் காட்டினார். 1900 ஆகஸ்ட் 7 அன்று ரிக்கார்டோவும் அண்ணன் ஹெசூஸும் ஒரு வழக்கறிஞர் நண்பரும் சேர்ந்து தொடங்கியபோது அது நீதித்துறையின் ஊழல்களை எழுதும் சட்ட இதழ். சில மாதங்களிலேயே நேரடி அரசியல் ஏடாக மாறியது. 1901இல் சான் லூயிஸ் பொதோசி நகரில் நடந்த லிபரல்களின், அதாவது தாராளவாதிகளின், மாநாட்டில், தியாஸின் நிர்வாகம் கொள்ளையரின் குகை என்று ரிக்கார்டோ மேடையில் நின்று சொன்னார். கூட்டம் அதிர்ந்துபோனது. சில மாதங்களில் சகோதரர்கள் பெலேன் சிறையில் இருந்தார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போதே தாய் மார்கரீட்டா இறந்துபோனார்.

மாலையில் பெலேன் சிறை இருந்த இடத்துக்கு மெட்ரோவில் போனேன். பால்தெராஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு பெரிய பள்ளிக்கூடம் நிற்கிறது. சிறையை 1930களில் இடித்துவிட்டுக் கட்டியது. பிள்ளைகள் மணியடித்து வெளியே ஓடிவந்தார்கள். ஒரு சிறைக்கு இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது.

புதன், சால்கோ

மெக்சிகோ புரட்சி என்றால் நமக்குப் படைத்தலைவர்கள் சப்பாட்டாவும் வில்லாவும்தான் நினைவுக்கு வருவார்கள். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் பத்தாண்டுக்காலம் யார் என்ன எழுதினார்கள், அதை யார் படித்தார்கள் என்பதே என்னை இங்கே இழுத்து வந்த கேள்வி. அந்த வேர் 1900க்கும் முந்தையது என்பதால் இன்று நகரத்தின் தென்கிழக்கே சால்கோவுக்கு வந்தேன். மெட்ரோவில் லா பாஸ் வரை, பிறகு ஒரு சிற்றுந்து.

1861இல் புளோத்தினோ ரோதகனாட்டி என்ற கிரேக்கர் மெக்சிகோவுக்கு வந்தார். கிராமங்களின் பொதுநிலத்தைக் கண்டதும், தான் ஐரோப்பாவில் படித்த சமத்துவக் கருத்துகளுக்கு இந்த மண்ணில் ஏற்கெனவே வேர் இருக்கிறது என்று நம்பினார். 1860களின் நடுவில் சால்கோவில் உழவர்களுக்காக ஒரு பள்ளி நடத்தினார். அங்கே படித்த ஹூலியோ சாவேஸ் லோபஸ் பண்ணை நிலங்களைக் கைப்பற்றிக் கிராமங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எழுச்சியை நடத்தினார். 1869இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கொன்றது எந்த அரசு என்பதைக் கவனியுங்கள். தியாஸின் அரசு அல்ல. பெனிட்டோ ஹுவாரெஸின் லிபரல் அரசு. தேவாலயத்தின் சொத்தைப் பறித்த அதே லிபரல்கள், 1856இல் கொண்டுவந்த சட்டத்தால் கிராமங்களின் பொதுநிலத்தையும் தனிச்சொத்தாக உடைக்க வழிசெய்தார்கள். அந்தக் கொலைக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் மெக்சிகோவின் அரசின்மைவாதிகள், அதாவது எந்த அரசும் வேண்டாம் என்றவர்கள், தங்களை 'லிபரல்' என்றே அழைத்துக்கொண்டார்கள். மகோன் சகோதரர்களின் தந்தை ஹுவாரெஸின் படையில் போரிட்டவர் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஊரில் பார்க்க வேறொன்றும் அகப்படவில்லை. சந்தையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

வெள்ளி, ரியோ பிளாங்கோ

அதிகாலைப் பேருந்து. புவெப்லா தாண்டியபின் மால்த்ராட்டா மலைச்சரிவில் பேருந்து இறங்கத் தொடங்கியது. மூடுபனியில் எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும் தெரிந்தது. ஒரிசாபாவில் இறங்கியபோது வெயில் வந்துவிட்டது. அங்கிருந்து ரியோ பிளாங்கோ மிக அருகில்.

1892இல் தியாஸே வந்து திறந்துவைத்த பருத்தி ஆலை இது. பிரெஞ்சு முதலீட்டாளர்களின் கம்பெனி. மலையிலிருந்து விழும் ஆற்றுநீரின் விசையில் ஓடிய, அந்நாளில் நாட்டின் மிகப்பெரிய ஆலைகளுள் ஒன்று. ஆலைக் கட்டடம் இன்னும் ஊரின் நடுவே நிற்கிறது. அருகே 1907 ஜனவரி 7இல் உயிர்விட்டவர்களுக்கான நினைவுச்சின்னம். அதன் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நான் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். அவரும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

"என் தாத்தா ஒன்பது வயதில் இந்த வாசல் வழியாக உள்ளே போனார், ஐயா. அறுந்த நூலை முடிச்சுப் போடும் வேலை. சின்ன விரல்தான் அதற்கு வேண்டும் என்பார்கள்" என்றார்.

இங்கே வந்து சேர்ந்த செய்தித்தாளின் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும். சகோதரர்கள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 'ரெஹெனெராசியோன்' இதழை மறுபடி தொடங்கி, பிறகு செயின்ட் லூயிஸ் நகருக்கு மாறினார்கள். 1905 செப்டம்பரில் அங்கே மெக்சிகோ லிபரல் கட்சியின் அமைப்புக்குழு உருவானது. அந்த நகரில்தான் எம்மா கோல்ட்மன் போன்ற அரசின்மைவாதிகளோடு ரிக்கார்டோவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஐரோப்பிய அரசின்மைவாதிகளான குரோபோட்கினையும் மலட்டெஸ்டாவையும் அவர் மெக்சிகோவில் இருந்தபோதே படித்திருந்தார். இதழ் தபாலிலும் ரயிலிலும் ஒளித்தும் மறைத்தும் மெக்சிகோவுக்குள் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

1906 வசந்தத்தில் கட்சியைச் சேர்ந்த ஹொசே நெய்ரா இந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்திரெஸ் மோட்டா என்ற நெசவாளியின் வீட்டில், மெத்தடிஸ்ட் போதகர் ஒருவரும் உடனிருக்க, தொழிலாளர்கள் கூடினார்கள். 'சுதந்திரத் தொழிலாளர்களின் பெருவட்டம்' பிறந்தது. அவர்கள் நடத்திய ஏட்டின் பெயர் 'சமூகப் புரட்சி'. ஒரு போதகரும் ஒரு ரகசியக் கட்சிக்காரரும் நெசவாளிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து உலகை மாற்றுவது பற்றிப் பேசியிருக்கிறார்கள். பேரறிஞர்களின் நூலகத்தைவிட அந்த அறையையே நான் அரசியல் சிந்தனையின் இடமாக மதிக்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலை 1 அன்று செயின்ட் லூயிஸிலிருந்து கட்சியின் 52 அம்சத் திட்டம் வெளியானது. எட்டு மணிநேர வேலை, குறைந்தபட்சம் ஒரு பெசோ நாட்கூலி, ஞாயிறு ஓய்வு, கூலி பணமாக மட்டுமே, பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை, உழாமல் போட்டு வைத்திருக்கும் நிலத்தை மீட்டுப் பகிர்தல். இதைத்தான் அந்த அறையில் வாசித்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஆலை முதலாளிகள் விடவில்லை. புவெப்லாவில் அவர்கள் வகுத்த விதிகளின்படி, அனுமதியில்லாத செய்தித்தாளைத் தொழிலாளி படிக்கக் கூடாது. ஆலை வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கவும் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். வேலைநிறுத்தம் வெடித்தது. பதிலுக்கு முதலாளிகள் 1906 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் ஆலைகளையே மூடினார்கள். தொழிலாளர்கள் அதிபர் தியாஸிடம் நியாயம் கேட்டார்கள். 1907 ஜனவரி 4 அன்று அவருடைய தீர்ப்பு வந்தது. ஒவ்வொருவரின் நடத்தையையும் எழுதிவைக்கும் கைப்புத்தகம், தொழிலாளர் ஏடுகளுக்கு அதிகாரியின் மேற்பார்வை. பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வரி உண்டு: ஏழு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது.

கட்சியின் திட்டம் பதினான்கு என்றது. அதிபரின் தீர்ப்பு ஏழு என்றது. இந்த இரண்டு எண்களை நினைவுச்சின்னத்தின் அடியில் உட்கார்ந்து என் குறிப்பேட்டில் எழுதியபோது எனக்குக் கை நடுங்கியது.

ஜனவரி 7 அன்று ஆலைச் சங்கு ஊதியும் பெரும்பாலானோர் உள்ளே போகவில்லை. வாசலில் கூடினார்கள். எதிரே விக்டர் கார்சின் என்பவரின் கடை. கூலியைச் சீட்டாகக் கொடுத்து, அந்தச் சீட்டு செல்லும் கடையில் கூடுதல் விலைக்குச் சாமான் வாங்கவைத்து, கடனைத் தலைமுறைக்கும் நீட்டிக்கும் ஏற்பாடு மெக்சிகோ முழுக்க இருந்தது. மூடிய வாரங்களில் பசியோடு கடன் கேட்டவர்களைக் கடை விரட்டியது. அன்று காலை பெண்கள் முன்னால் நின்றார்கள். லுக்ரேசியா தோரிஸ், இசபெல் தியாஸ் என்ற பெயர்களை ஊர் இன்றும் சொல்கிறது. கடை எரிந்தது. கூட்டம் நோகாலெஸ், சாந்தா ரோசா ஊர்களுக்குப் போய்ச் சிறையிலிருந்தவர்களை விடுவித்துத் திரும்பும் வழியில் ராணுவம் சுட்டது. மறுநாள்களில் சாந்தா ரோசாவின் சங்கத் தலைவர்களை எரிந்த கடையின் இடிபாட்டிலேயே நிறுத்திச் சுட்டார்கள். இறந்தவர் தொகையை ஆய்வாளர்கள் பல பத்துகளிலிருந்து பல நூறு வரை சொல்கிறார்கள்.

"கடை இருந்த இடம் அதோ" என்று பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். அவரோடு நடந்து போய்ப் பார்த்தேன். திரும்பி வரும் வழியில் எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க விடவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அதே 52 அம்சத் திட்டத்தில் சீனர்களின் குடியேற்றத்தைத் தடைசெய்ய வேண்டும் என்றும் ஓர் அம்சம் இருக்கிறது. அவர்கள் கூலியைக் குறைக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். எல்லா நாட்டு உழைப்பாளருக்கும் பேசிய இயக்கம், கப்பலில் பிழைக்க வந்த ஏழையைப் பகையாகக் காட்டியது. வாக்கு வேண்டியவர்களின் முன்முடிவுக்கு இடம் கொடுத்தால் திட்டம் இப்படித்தான் கறைபடும். திட்டத்தைப் புகழும் நூல்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நான் தாண்டிப் போக விரும்பவில்லை.

சனி, வேராகுரூஸ்

துறைமுகத்தின் எதிரே சான் ஹுவான் தெ உலுவா கோட்டை. பவளக்கல்லால் கட்டிய சுவர்கள். உள்ளே நுழைந்ததும் கடற்காற்று நின்றுபோகிறது. கூரையிலிருந்து சுண்ணாம்பு ஊறிக் கூம்புகளாகத் தொங்குகிறது. தரை எப்போதும் ஈரம். கதவை மூடிக் காட்டட்டுமா என்று வழிகாட்டி கேட்டார். வேண்டாம் என்றேன்.

1906 ஜூன் 1 அன்று வடக்கே கனனேயா செப்புச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. எட்டு மணிநேரம், ஐந்து பெசோ என்று கேட்டார்கள். அமெரிக்கத் தொழிலாளருக்கும் தங்களுக்கும் ஒரே வேலைக்கு வேறு கூலி ஏன் என்று கேட்டார்கள். அரிசோனாவிலிருந்து ஆயுதம் தாங்கியவர்கள் எல்லை தாண்டி வந்து சுரங்கத்துக்குக் காவல் நின்றார்கள். அதன் தலைவர்கள் மனுவேல் தியேகெஸும் எஸ்தேபான் பாக்கா கால்தெரோனும் இந்தக் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எல்லை நகரான ஹுவாரெஸில் எழுச்சிக்குத் தயாரானபோது பிடிபட்ட ஹுவான் சராபியாவும் இங்கேதான். ரிக்கார்டோவின் நெருங்கிய தோழர் அவர். ஏழாண்டு தண்டனை.

ரிக்கார்டோ 1907 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் கைதானார். 1908 ஜூன் 13 அன்று அங்குள்ள சிறையிலிருந்து தம்பி என்ரிக்கேவுக்கும் தோழர் பிராக்செடிஸ் கெரேரோவுக்கும் ஒரு கடிதம் எழுதினார். எல்லாம் உத்தியைப் பற்றிய கேள்விதான் என்றார். 'தொடக்கத்திலேயே நம்மை அரசின்மைவாதிகள் என்று அழைத்திருந்தால், ஒரு சிலரைத் தவிர யாரும் நமக்குச் செவிகொடுத்திருக்க மாட்டார்கள்' என்பது அதிலுள்ள வரி. ஆகவே லிபரல் என்ற பெயரையே வைத்துக்கொள்வோம். புரட்சி தொடங்கியதும் நிலத்தை உழவரிடமும் ஆலையைத் தொழிலாளரிடமும் கொடுப்போம். கொடுத்தபின் மக்கள் அதைக் காத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய திட்டம்.

இந்தக் கல்லறைபோன்ற அறையில் நின்றபடி அந்தக் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். உள்ளே கிடந்தவர்களுள் எத்தனை பேருக்குத் தாங்கள் எதற்காக அடைபட்டிருக்கிறோம் என்பது முழுதாகச் சொல்லப்பட்டது? சராபியா அரசின்மைவாதி அல்ல. அவர் 52 அம்சத்தை நம்பினார். நேர்மையான அரசு ஒன்று வேண்டும் என்றார். ரிக்கார்டோ எந்த அரசும் வேண்டாம் என்றார். ஒரே பெயரின் கீழ் இருவரும் நின்றார்கள். மக்களிடம் போக அந்தப் பெயர் உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் கருத்தைச் சொல்லாமல் வைத்திருந்த ஒவ்வொரு மாதமும் தோழர்களுக்கிடையே கடனாக ஏறிக்கொண்டிருந்தது என்றே நினைக்கிறேன். 1911இல் அந்தக் கடன் வசூலிக்கப்பட்டது.

திங்கள், தேயோதித்லான்

தெவாகானில் இரவு தங்கி, காலையில் ஒஹாக்கா மாநில எல்லையைத் தாண்டினேன். கள்ளிக்காடு, செம்மண், வெக்கை. ஊருக்கு இப்போது தேயோதித்லான் தெ ஃபுளோரஸ் மகோன் என்று பெயர். என்ரிக்கே பிறந்த ஊர் இது. ரிக்கார்டோ பிறந்த எலோசோசித்லான் மேலே மலையில் இருக்கிறது. மசதேக் என்ற பழங்குடி மக்களின் ஊர். மண்சரிவால் பாதை அடைபட்டதாகச் சொன்னார்கள். நாள் முழுக்கக் காத்தும் வண்டி கிடைக்கவில்லை.

இந்தப் பகுதியில் ஊருக்காகக் கூலியில்லாமல் செய்யும் பொதுவேலை இன்றும் நடக்கிறது. பாதை வெட்டுவது, பள்ளிச்சுவர் கட்டுவது எல்லாம் அப்படித்தான். தேநீர்க்கடையில் இருந்தவர்கள் அடைபட்ட பாதையைப் பற்றியே பேசினார்கள்: எந்த ஊர்க்காரர்கள் எந்தப் பக்கத்திலிருந்து மண்ணை அள்ளுவது என்று. மகோன் சகோதரர்களின் தந்தை தெயோதோரோ, எல்லோரும் சேர்ந்து உழுது பகிர்ந்துகொள்ளும் ஊரைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்வார் என்று என்ரிக்கே பின்னாளில் நினைவுகூர்ந்தார். குரோபோட்கினைப் படிக்கும் முன்பே ரிக்கார்டோ அதைக் கேட்டு வளர்ந்தார். அதிகாரம் இல்லாமல் மனிதர் வாழ முடியும் என்பது அவருக்கு ஐரோப்பிய நூல் தந்த கனவு மட்டும் அல்ல.

வியாழன், மெக்சிகோ நகரம்

தோலோரெஸ் இடுகாட்டில் நாட்டின் பெருமக்களுக்கான வட்டம். அங்கே ரிக்கார்டோவின் கல்லறை.

1910 நவம்பர் 20 அன்று, தியாஸை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஃபிரான்சிஸ்கோ மதேரோவின் அழைப்பில் புரட்சி தொடங்கியது. ரிக்கார்டோ விடுதலையாகி மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. டிசம்பர் 30 அன்று சிவாவா மாநிலத்தின் ஹானோஸில் பிராக்செடிஸ் கெரேரோ போரில் இறந்தார், வயது 28. பணக்கார வீட்டில் பிறந்து, சொத்தை உதறிவிட்டுச் சுரங்கத்தில் கூலிவேலை செய்தவர். இயக்கத்தின் மிக அழகான எழுத்து அவருடையது என்பது என் எண்ணம். அவர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1911 ஜனவரியில் லிபரல் கட்சிப் படை அமெரிக்க எல்லையோர ஊர்களான மெஹிக்காலியையும் மே மாதம் திஹுவானாவையும் பிடித்தது. ஆனால் நாடெங்கும் லிபரல் என்று பெயர் சொல்லிப் போராடிய பலர் மதேரோவோடு சேர்ந்துவிட்டார்கள். அவர்களைத் துரோகிகள் என்று ரிக்கார்டோ எழுதினார். தேர்தலும் நேர்மையான அரசும் வேண்டியே அவர்கள் கட்சியில் சேர்ந்தார்கள் என்றால், அவர்கள் யாருக்குத் துரோகம் செய்தார்கள்?

அந்த ஜூன் மாதம் மதேரோவின் சார்பில் இரண்டு பேர் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார்கள். ஒருவர் உலுவா கோட்டையிலிருந்து விடுதலையான ஹுவான் சராபியா. மற்றவர் ஹெசூஸ் ஃபுளோரஸ் மகோன், சொந்த அண்ணன். சமாதானம் பேசினார்கள். ரிக்கார்டோ மறுத்தார். மறுநாள் அமெரிக்கப் போலீஸ் அவரைக் கைதுசெய்தது. அண்ணன் மதேரோவின் உள்துறை அமைச்சரானார். 1911 செப்டம்பர் 23 அன்று, மூலதனம், அரசு, மதம் மூன்றையும் எதிர்ப்பதாக வெளிப்படையாகச் சொல்லும் அறிக்கையைத் தம்பிகள் வெளியிட்டார்கள். மறைத்து வைத்ததை முழுதாகச் சொன்னபோது, கேட்க முன்பிருந்த கூட்டம் இல்லை.

1918இல் அமெரிக்க நீதிமன்றம் ரிக்கார்டோவுக்கு இருபது ஆண்டும் அவருடைய தோழர் லிப்ராடோ ரிவேராவுக்குப் பதினைந்து ஆண்டும் சிறை விதித்தது. 1920இல் மெக்சிகோ நாடாளுமன்றம் ஓய்வூதியம் தர முன்வந்தது. பார்வை மங்கிக்கொண்டிருந்த நிலையிலும் ரிக்கார்டோ மறுத்தார். அரசின் பணம் மக்களிடம் பறித்தது, அது என் கையைச் சுடும் என்று எழுதினார். 1922 நவம்பரில் கன்சாஸின் லெவன்வொர்த் சிறையில் இறந்தார். உடலைக் கொண்டுவர அரசின் உதவியைத் தோழர்கள் ஏற்கவில்லை. ரயில்வே தொழிலாளர் சங்கம் கொண்டுவந்தது. 1945 மே நாளில் அரசு அவரை இந்த வட்டத்துக்கு மாற்றியது. நகரத்தில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கும் அவர் பெயர். 1906 திட்டத்தின் பல அம்சங்கள் 1917 அரசியல் சட்டத்தில் தொழிலாளர் உரிமைகளைச் சொல்லும் 123ஆம் பிரிவில் இடம்பெற்றன. கனனேயாவின் பாக்கா கால்தெரோனும், ரியோ பிளாங்கோ ஆலையில் வேலை பார்த்த எரிபெர்த்தோ ஹாராவும் அந்தச் சட்டத்தை எழுதிய அவையில் உறுப்பினர்கள். எட்டு மணிநேர வேலை சட்டமானதை நான் சிறியதாக எண்ணவில்லை. ஆனால் ஓய்வூதியத்தையே மறுத்தவருக்கு அரசு கட்டிய கல்லறை பொருந்தவில்லை.

லிப்ராடோ ரிவேரா இங்கே இல்லை. 1923இல் நாடு கடத்தப்பட்டு மெக்சிகோ திரும்பிய அவர், தம்பிக்கோ என்ற துறைமுக நகரின் எண்ணெய்த் தொழிலாளர்களிடையே வில்லா செசிலியா என்ற ஊரில் குடியேறினார். 'சகித்தாரியோ', 'அவாந்தே' என்று அடுத்தடுத்து ஏடுகள் நடத்தினார். எதிலும் லிபரல் என்ற பெயர் இல்லை. அரசின்மைவாதம் என்று தலைநிமிர்ந்து எழுதினார். புரட்சியில் வென்றவர்களின் அரசு அவரைப் பலமுறை சிறையில் போட்டது, அச்சகத்தைச் சூறையாடியது. 1932இல் மெக்சிகோ நகரத்தில் கார் மோதிய காயத்தால் இறந்தார். தம்பிக்கோவுக்கு இரவுப் பேருந்து இருக்கிறது என்று முனையத்தில் சொன்னார்கள், டிக்கெட் எடுத்துவிட்டேன்.